தெளிந்த நீரில் மிதந்த மீன்கள்

வேப்பனப்பள்ளியில் இருந்துகொண்டு ஜல்லியைப் பற்றி எழுதுவது கொல்லன் தெருவில் ஊசி விற்பதற்கு ஒப்பானது. கிருஷ்ணகிரி மாவட்டத்தின் எந்தச் சாலையில் சற்று நேரம் நின்றாலும் ஜல்லி ஏற்றிய டிப்பர் லாரி ஒன்று புழுதி கிளப்பிக் கடந்து செல்லும். குன்றுகளை உடைத்து ஊருக்கெல்லாம் அனுப்பிக்கொண்டிருக்கும் மண் இது. எனினும் இக்கட்டுரை ஜல்லியைப் பற்றியதுதான். குறிப்பாக, வெறும் ஐம்பது கன அடி ஜல்லியைப் பற்றியது. அதை அள்ளியெறிந்துவிட்டுப் புதிது கொட்டலாம் என்று கோப்பில் கையொப்பமிட்டவன் நான். அக்கையொப்பத்தின் விலை முப்பதுக்கும் மேற்பட்ட மீன்கள்.

முதலில் ஒரு தமிழாசிரியனுக்கும் குளத்திற்கும் என்ன தொடர்பு என்பதைச் சொல்லிவிடுகிறேன். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கிச் செல்லும் 99 பூக்களை ஆண்டுதோறும் வகுப்பில் வாசித்துக் காட்டுவது என் தொழில். ஓராண்டு மாணவி ஒருவர் எழுந்து, ஆம்பலுக்கும் குவளைக்கும் என்ன வேறுபாடு என்று கேட்டார். உரையாசிரியர்கள் கூறியதைக் கூறினேன். "நீங்க பாத்திருக்கீங்களா சார்?" என்றார். பார்த்ததில்லை. நான் வளர்ந்தது மாந்தோப்புகளின் நடுவே. இங்குள்ள ஏரிகளில் நான் கண்டதெல்லாம் ஆகாயத்தாமரையும் நெய்வேலிக் காட்டாமணக்கும்தான். மருதத்தையும் நெய்தலையும் பதினைந்து ஆண்டுகளாகக் கற்பித்துவந்த ஒருவன் அன்று அடைந்த வெட்கமே 2014-இல் எங்கள் கல்லூரித் தோட்டத்தில் ஒரு குளமாயிற்று. இருபது அடி நீளம், பத்து அடி அகலம், இரண்டரை அடி ஆழம். ஏறத்தாழ 14,000 லிட்டர் நீர். வெள்ளாம்பல், நீலக் குவளை, ஒரு மூலையில் தொட்டிக்குள் அடக்கிய தாமரை. கொசுப்புழுவைத் தின்னக் கப்பி மீன்கள். பிள்ளைகள் பார்த்து மகிழ வண்ணக் கெண்டைகள்.

தாவரவியல் துறை நண்பர் ஒருவர் உடனே எச்சரித்தார்: நீரைச் சுழற்றிச் சுத்தம் செய்ய வழியில்லையென்றால் மூன்றே மாதத்தில் பச்சைக் குழம்பாகிவிடும். அவர் வரைந்து தந்த படத்தின்படி குளத்தின் ஓரத்தில் பத்துக்கு ஐந்து அடியில் ஆழமற்ற தொட்டி ஒன்று கட்டினோம். அடியில் துளையிட்ட பி.வி.சி. குழாய்கள், மேலே ஓரடி உயரத்திற்குச் சரளை, சரளைக்குள் மண் சிறிதும் இன்றி வேரூன்றிய வசம்பு, கல்வாழை, குடைக்கோரை, வல்லாரை. சிறு மோட்டார் ஒன்று குளத்து நீரைக் குழாய்க்குள் தள்ளும். அது கற்களினூடே மெல்ல மேலேறி, விளிம்பில் வழிந்து, மீண்டும் குளத்தில் விழும். ஆங்கிலத்தில் இதைப் 'பாக் ஃபில்டர்' என்கிறார்கள். எங்கள் தோட்டக்காரப் பெரியவருக்கு அது 'ஜல்லித் தொட்டி'. நானும் அப்படியே வழங்குகிறேன்.

இத்தொட்டியை வடிகட்டி என்று அழைப்பதிலேயே பிழை தொடங்குகிறது என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. வடிகட்டி என்றதும் காப்பி வடிகட்டி நினைவுக்கு வருகிறது. அழுக்கை நிறுத்தும், நிரம்பினால் கழுவலாம், தேய்ந்தால் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்கலாம். ஜல்லித் தொட்டியில் கல் செய்யும் வேலை மிகக் குறைவு. கல்லின் மேற்பரப்பில் ஒட்டி வாழும் நுண்ணுயிர்ப் படலமே வேலைக்காரர். மீனின் செவுளிலிருந்தும் கழிவிலிருந்தும் வரும் அமோனியாவை ஒருவகை நுண்ணுயிரி நைட்ரைட்டாக்குகிறது. அதை இன்னொரு வகை நைட்ரேட்டாக்குகிறது. முதலிரண்டும் மீனுக்கு நஞ்சு. மூன்றாவது செடிக்கு உணவு. வினோகிராட்ஸ்கி என்ற ரஷ்ய அறிஞர் 1890-ஆம் ஆண்டையொட்டி இவ்வுயிர்களைப் பிரித்தறிந்தார். கோரையும் நாணலும் அழுக்கு நீரில் செழிப்பது மட்டுமல்ல, அந்நீரைத் திருத்தவும் செய்கின்றன என்பதை ஜெர்மனியில் கேத்தே சைடல் என்ற பெண்மணி 1950-களில் தொடங்கி ஆய்ந்து காட்டினார். அவருடைய ஆய்வின் வழித்தோன்றல்களான செடிப்படுகைகள் இன்று ஆரோவில்லில் கழிவுநீரைத் திருத்திக்கொண்டிருக்கின்றன. எங்கள் தொட்டி அக்குடும்பத்தின் கடைக்குட்டி.

ஆறு ஆண்டுகள் குறையின்றி ஓடியது. ஆண்டுக்கு இருமுறை பெரியவர் வசம்பையும் கல்வாழையையும் கழித்துவிடுவார். மாம்பூ உதிரும் காலத்தில் மேலே படியும் குப்பையை வாரிவிடுவார். அவ்வளவே. 2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு வந்தது. கல்லூரி பூட்டப்பட்டது, மோட்டார் நின்றது. ஓடும் நீரில்தான் உயிர்வளி இருக்கிறது. நின்ற நீரில் அது தீர்ந்ததும் கற்களிடையே இருந்த நல்ல நுண்ணுயிர்கள் மடிந்து, காற்றில்லாமல் வாழும் வகைகள் குடியேறின. திரும்பி வந்து மோட்டாரைப் போட்டபோது அழுகிய முட்டை நாற்றம் துறை அறை வரை எட்டியது. (அப்படி நின்றுபோன தொட்டியின் முதல் நீரைக் குளத்தில் விடவே கூடாது, தோட்டத்து மரங்களுக்குத் திருப்பிவிட வேண்டும். அன்று எங்களுக்கு அது தெரியாது.) பிறகும் ஓடியதே தவிர, பழைய ஓட்டம் இல்லை. கல்வாழையின் வேர்கள் பாய் முடைந்ததுபோல் படுகையை இறுக்கியிருந்தன. எங்கள் ஆழ்துளைக் கிணற்று நீரின் உப்பு, குழாய்த் துளைகளில் வெள்ளைக் காரையாகப் படிந்திருந்தது. கற்களினூடே ஏற வழியில்லாத நீர் ஒரு மூலையில் மட்டும் கொப்பளித்து வழிந்தது. "கல்லுக்கு மூச்சு முட்டுது சார்" என்றார் பெரியவர். இதைவிடத் துல்லியமான நோயறிதலைப் பின்னர் நான் படித்த எந்த நூலிலும் காணவில்லை.

அடுத்து நடந்ததில்தான் என் பங்கு. தோட்டக் குழுவின் பொறுப்பாளன் என்ற முறையில் மதிப்பீடு கோரினேன். வந்த தாளில் 'பழைய ஜல்லி அகற்றல், புதிய ஜல்லி அரை யூனிட், புதிய குழாய், புதிய செடிகள்' என்று நான்கு வரிகள் இருந்தன. பெரியவர், பாதியைத் தோண்டிப் பார்க்கலாமே என்று சொன்னார். அவர் சொன்னதற்குத் தாளில் இடமில்லை. நம் அலுவலகங்களில் 'புதிதாக' என்ற தலைப்பின் கீழ்ப் பணம் எளிதில் கிடைக்கும். 'பராமரிப்பு' என்ற தலைப்பின் கீழ் ஒரு விளக்குமாறு வாங்குவதற்குள் போதும் போதுமென்றாகிவிடும். கையொப்பமிட்டேன். 2022 மே மாதம், கோடை விடுமுறையில், இரண்டே நாளில் வேலை முடிந்தது.

முதல் வாரம் குளம் கண்ணாடியாக இருந்தது. அடித்தரை தெரிந்தது. சக ஆசிரியர்கள் கைப்பேசியில் படமெடுத்தார்கள். பத்தாம் நாள் காலையில் கெண்டைகள் நீர்மட்டத்தில் வாயைப் பிளந்துகொண்டு நின்றன. செவுள்கள் வேகவேகமாக அடித்துக்கொண்டன. உயிர்வளி குறைவு என்றெண்ணி நீரூற்று ஒன்றைப் பூட்டினோம். பன்னிரண்டாம் நாளுக்குள் பெரும்பாலானவை மிதந்தன. வண்ண மீன் கடைகளில் விற்கும் சோதனைத் துளிகளை வாங்கி நீரைச் சோதித்தவர் அதே தாவரவியல் நண்பர். அமோனியா, குப்பியின் கடைசி நிறத்திற்கு ஏறியிருந்தது. கல் புதிது, கல்லின்மேல் குடியிருப்போர் எவருமில்லை. புதிய படுகையில் நுண்ணுயிர்ப் படலம் வளர்ந்து வேலையேற்க நான்கு முதல் எட்டு வாரங்கள் ஆகும். அந்த வாரங்களில் நாங்கள் மீன்களுக்கு வழக்கம்போலவே இரை போட்டுக்கொண்டிருந்தோம்.

தெளிவு வேறு, தூய்மை வேறு என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது. எங்கள் துறை மூத்தவர் ஒருவர், "தேற்றாங்கொட்டை இருக்க ஜல்லி எதற்கய்யா?" என்று கேட்பது வழக்கம். தேற்றாவின் விதையைக் கலத்தில் தேய்த்துக் கலங்கல் நீரைத் தெளிவிக்கும் வழக்கத்தை நெய்தற்கலி உவமையாகவே ஆண்டிருக்கிறது. அங்கே அதற்கு 'இல்லம்' என்று பெயர். நம் முன்னோரின் அறிவில் ஐயமில்லை. ஆனால் தேற்றா தெளிவிப்பது மண் கலங்கலை. நீரில் கரைந்துவிட்ட நஞ்சின் மேல் அதற்கு ஆட்சி இல்லை. எங்கள் மீன்கள் செத்தது தேற்றாங்கொட்டை இட்டதுபோன்ற தெளிந்த நீரில்.

இதற்கு முன்னுதாரணம் தேடிப் படித்தபோது கிடைத்த ஒரு செய்தியை இங்கே சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். மணற்படுகை வழியே நீரை மெல்ல இறக்கிச் சுத்தம் செய்யும் முறையை லண்டனின் செல்சியில் ஜேம்ஸ் சிம்ப்சன் 1829-இல் பெரிய அளவில் அமைத்தார். அங்கும் மணலைவிட மணலின் மேல் படரும் உயிருள்ள வழுவழுப்பான ஏடுதான் முக்கியம். ஜெர்மானியர் அதற்கு 'அழுக்குப் போர்வை' என்று பொருள்படும் பெயரை இட்டிருக்கிறார்கள். 1892-இல் ஹாம்பர்க் நகரில் காலரா பரவி 8,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். எல்பே ஆற்று நீரை அந்நகரம் வடிகட்டாமல் குடித்தது. ஒட்டியே கீழ்நிலையில் இருந்த ஆல்டோனா, ஹாம்பர்க்கின் சாக்கடையும் கலந்த அதே ஆற்று நீரை மணற்படுகையில் இறக்கிக் குடித்துப் பெருமளவு தப்பியது. இருவேறு நகரங்களாயினும் ஒரே தெருவின் இருபுறம் போன்றவை. ஒருபுறம் சாவு, மறுபுறம் இல்லை. இதுவரை பாடப்புத்தகங்களில் உண்டு. அதிகம் பேசப்படாதது அடுத்த குளிர்காலத்தில் நடந்தது. 1893-இன் தொடக்கத்தில் அதே ஆல்டோனாவில் காலரா தலைகாட்டியது. ராபர்ட் கோஹ் ஆராய்ந்தார். சுத்தம் செய்வதற்காக நீரை வடித்த ஒரு மணற்படுகை உறைபனியில் பழுதுபட்டதே காரணம் என்ற முடிவுக்கு வந்தார். படுகை அழுக்காக இருந்தபோது ஊரைக் காத்தது. சுத்தம் செய்யப்பட்டபோது காட்டிக்கொடுத்தது.

எங்கள் குளத்திற்கு வருகிறேன். மீன்கள் போனபின் குளம் பச்சையானது. பாதி மூடிய மோட்டாரும் சரிந்த ஜல்லியுமாகத் தொட்டியின் மேற்பரப்பில் நீர் தேங்கியது. சரளைப் படுகையின் முதல் விதியே நீர்மட்டம் கல்லின் மேல்மட்டத்திற்குக் கீழே இருக்க வேண்டும் என்பது. கல்லுக்கு அடியில் ஓடும் நீரில் கொசு முட்டையிட முடியாது. கல்லுக்கு மேல் இரண்டு அங்குலம் நின்றால் போதும். அக்டோபரில் டெங்கு ஒழிப்புக்காக வந்த சுகாதாரப் பணியாளர்கள் டார்ச்சு அடித்துப் புழுக்களைக் காட்டினார்கள். அவர்கள் மீது எனக்கு வருத்தமில்லை. அவர்கள் வேலை அது. குளத்தை மண்கொட்டி மூடிவிட்டு, மேலே சிமென்ட் கல் பதித்து நாற்காலி போடலாம் என்று ஒரு கருத்து எழுந்தது. அதற்கும் மதிப்பீடு வந்தது. இம்முறை நான் கையொப்பமிடவில்லை. ஓராண்டு தவணை கேட்டேன்.

அந்த ஓராண்டில் கற்றவற்றைத்தான், குளமோ தொட்டியோ வைத்திருக்கும் நண்பர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். பெரும்பாலும் பெரியவர் செய்தது. நான் உடன் நின்றேன்.

கிரஷரில் இருந்து வரும் ஜல்லி அப்படியே தொட்டிக்குள் போகக் கூடாது. அதன்மேல் மாவுபோல் ஒட்டியிருக்கும் பாறைத்தூள் நீருடன் சேர்ந்து அடியில் களிம்பாக இறுகிவிடும். 2022-இல் எங்கள் தொட்டி அத்தனை விரைவில் சரிந்ததற்கு அதுவும் காரணம். இரும்புச் சல்லடையில் போட்டு, நீர் தெளிவாக வடியும் வரை அலச வேண்டும். அரை அங்குலத்திற்குச் சற்றுக் குறைந்த அளவு நன்று. அதினும் சிறிதாயின் அடைக்கும். முக்கால் அங்குலமாயின் நுண்ணுயிர்கள் ஒட்டும் பரப்புக் குறையும். உருண்டைக் கூழாங்கல் கிடைத்தால் மேல், ஆனால் அதற்காக ஆற்றில் கைவைப்பது பெரும்பிழை. நம் பக்கத்துக் கருங்கல்லுக்கு ஒரு நற்குணம் உண்டு: நீரில் கரையாது. சுண்ணாம்புக்கல் அப்படியன்று, அது நீரின் காரத்தன்மையை ஏற்றிவிடும்.

குழாயின் கடைசி முனையைத் தொட்டிக்கு வெளியே மேல்நோக்கி எடுத்து மூடி போட்டு வைப்பது, இத்தனை ஆண்டுகளில் நாங்கள் செய்த ஒரே அறிவார்ந்த காரியம். மூன்று மாதத்திற்கு ஒருமுறை மூடியைத் திறந்தால் அடிச்சேறு கருநிறமாகப் பீறிட்டு வரும். அதை வாளியில் பிடித்து மாமரத்துக்கு விடலாம். உப்புக் காரை அடைத்த குழாயை வெளியே எடுத்துத்தான் சுரண்ட வேண்டும். கழிவறை கழுவும் அமிலத்தைத் தொட்டிக்குள் ஊற்றும் யோசனை சொல்பவர்களைக் குளத்தருகே விடாதீர்கள்.

மாற்றுவதாயின் பாதியை மாற்றுங்கள். படுகையின் ஒரு பாதியை மட்டும் தோண்டி, செடிகளைப் பிடுங்கி, வேரில் மூன்றில் இரண்டு பங்கைக் கழித்து, கற்களைக் குளத்து நீரிலேயே அலசித் திரும்பப் போட வேண்டும். குளோரின் கலந்த குழாய்நீர் பட்டால் இருக்கும் உயிரும் போய்விடும். பளபளப்பாகத் தேய்க்கவும் கூடாது. சேறு போனால் போதும், வழுவழுப்பு இருக்கட்டும். மறுபாதி அப்போது வேலையைச் சுமக்கும். குறைந்தது ஆறு வாரங்கள், இயன்றால் ஒரு பருவம் கழித்து மறுபாதி. இடைக்காலத்தில் மீனுக்கு இரையைக் குறைக்க வேண்டும். சம்பங்கோரையை எக்காரணம் கொண்டும் நடாதீர்கள். ஒரே ஆண்டில் தொட்டியைத் தன் பெயருக்குப் பட்டா எழுதிக்கொள்ளும்.

இவ்வளவும் ஐம்பது கன அடிக்கு. இனி எங்கள் வட்டாரத்தின் பெரிய படுகையைப் பற்றி ஒரு சொல். கோலார்ப் பக்கமிருந்து வரும் மார்க்கண்டேய நதி வேப்பனப்பள்ளி வழியே சென்று தென்பெண்ணையில் சேர்கிறது. யார்கோள் அணைக்கு எதிராகத் தமிழகம் தொடுத்த மனுவை 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்த நாளில் எங்கள் ஊர்த் தேநீர்க் கடையில் தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகிய மும்மொழியிலும் வசவு கேட்டது. எவ்வளவு நீர் வரும் என்பதே பேச்சு. எத்தகைய நீர் வரும் என்று அன்று எவரும் கேட்கவில்லை. ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணையில் தென்பெண்ணை நீர் நுரைபொங்கி வழியும் காட்சியை நாம் தொலைக்காட்சியில் பலமுறை பார்த்துவிட்டோம். பெங்களூரின் சாக்கடையும் சோப்புநீரும் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகள் வழியே அவ்வாற்றில் இறங்குகின்றன. பெல்லந்தூர் ஏரி 2017-இலும் 2018-இலும் தீப்பற்றியே எரிந்தது. நாம் ஆல்டோனாவின் நிலையில் இருக்கிறோம், மணற்படுகை மட்டும் இல்லை. இருந்தது. ஆற்று மணலும் கரையோரக் கோரையும் நாணலும் சேர்ந்து ஆற்றின் ஜல்லித் தொட்டியாகவே இருந்தன. மணலை அள்ளி வீடு கட்டினோம். நாணலை அழித்து 'கரை மேம்பாடு' செய்தோம். இப்போது சுத்திகரிப்பு நிலையம் கேட்கிறோம். கேட்க வேண்டியதுதான், தொழிற்சாலைக் கழிவுக்குக் கோரைப்புல் மருந்தாகாது. ஆயினும் கட்டியபின் அதைப் பேணுவது யார் என்ற கேள்வியை எந்த மேடையிலும் நான் கேட்டதில்லை. பராந்தகன் காலத்து உத்திரமேரூரில், 10-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஏரிக்கென்றே தனி வாரியம் இருந்தது. அதற்கு ஆண்டுதோறும் குடவோலையில் ஆள் எடுத்தார்கள். அந்தக் கல்வெட்டை வகுப்பில் தேர்தல் முறையின் பெருமைக்காகவே நடத்துகிறோம். தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் அந்த ஓராண்டு ஏரியில் என்ன செய்திருப்பார்கள் என்று நானும் மாணவரிடம் கேட்டதில்லை.

குளத்தை மூடும் தீர்மானம் கல்லூரியில் இன்னும் கைவிடப்படவில்லை; ஒவ்வோர் ஆண்டும் ஒத்திவைக்கப்படுகிறது. கப்பிகள் பெருகிவிட்டன. கெண்டைகளை ஐந்துக்கு மேல் வளர்ப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். வெள்ளாம்பல் மீண்டும் பூத்தது. மாலையில் விரிந்து, மறுநாள் முற்பகல் வரை நிற்பதை இந்த ஆண்டு முதலாண்டு மாணவர்கள் முறைவைத்துப் பார்த்துக் குறித்தார்கள். கல்வாழை வேர் வடபுறத்தில் மறுபடி இறுகிவருகிறது. வரும் தை மாதம் அந்தப் பாதியைத் தோண்டுவதாகப் பெரியவரும் நானும் பேசியிருக்கிறோம். நிறைய வசம்புக் கிழங்கு மிஞ்சும். வேண்டுவோர் ஈரச் சாக்குடன் வரலாம்; வெயில் ஏறுமுன் வந்தால் நல்லது.